மிதித்தபடி இருந்த கால்

முள்ளிவாய்க்கால்,
6 மே 1963.

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தலைப்பில் 'சேசு மரி சூசை' என்று எழுதப் போனேன், கை வரவில்லை. 'அன்புள்ள அத்தான்' என்று எழுதவும் வரவில்லை. தம்பியும் உங்களை அத்தான் என்றுதான் கூப்பிட்டான்.

நேற்று தம்பி கிறிஸ்தோப்பருக்கு முப்பத்தோராம் நாள் பூசை. பெற்ற மகனின் பெயரைச் சுவாமியார் வாசித்ததும் அப்பு எழுந்து வெளியே போய்விட்டார். பூசை முடிந்து தேடிக்கொண்டு போனேன். கரையில் வள்ளத்தைப் பிடித்தபடி நின்றார். அதே வள்ளம்தான். தம்பியை உங்கள் பிக்கப் நசித்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

நடந்ததை நான் காணவில்லை. கருவாடு காயப் போட்டுக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது நீங்கள் பிக்கப்புக்குள் இருந்தீர்கள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். இறங்கக்கூட இல்லை. அன்றைக்குப் பிறகு உங்களோடு ஒரு வார்த்தை கதைக்க எனக்குக் கிடைக்கவில்லை. பொலிஸ் கொண்டு போய்விட்டது.

ஊர் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். முந்தின ஞாயிற்றுக்கிழமை தம்பி கேட்காமல் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய்க் களப்புச் சேற்றில் புதைத்தான். நீங்கள் எல்லாருக்கும் முன்னால் அவனைக் கன்னத்தில் அடித்தீர்கள். அதைத்தான் அப்பு பொலிசில் சொன்னார். "அண்டைக்குக் கையால அடிச்சவன், இண்டைக்கு வண்டியால அடிச்சுப் போட்டான்." தவசு காலத்து வெள்ளிக்கிழமையில் உங்கள் வாயில் கள்ளு மணத்தது என்றும் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

கிளச் வேலை செய்யவில்லை என்று நீங்கள் சொன்னீர்களாம். வாகனம் பரிசோதிக்கிற ஐயா வந்தார். பெடலைப் பல தரம் மிதித்து மிதித்துப் பார்த்தார், கியரை மாற்றி மாற்றிக் கரையில் ஓட்டியும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐயாத்துரை முதலாளி வண்டியைக் கொண்டு போய்விட்டார். இப்போது பாலன் என்று ஒரு புதுச் சாரதி மீன் ஏற்ற வருகிறான்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நேரம் உங்கள் கால் எங்கே இருந்தது?

அற்புதம்.


மறியற்சாலை, யாழ்ப்பாணம்,
15 மே 1963.

என் அற்புதத்துக்கு,

இங்கே ஒரு ஐயா வாசித்த பிறகுதான் கடிதம் வெளியே போகும். ஆனபடியால் நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். என் கால் கிளச்சில் இருந்தது. அடிமட்டும் மிதித்தபடி இருந்தது.

அன்றைக்கு மீன் வாடிக்குப் பக்கத்தில் பின்சில்லு மணலில் இறங்கிவிட்டது. கனநேரம் முன்னும் பின்னும் எடுத்து எஞ்சின் கொதித்துப் போயிற்று. கிறிஸ்தோப்பர்தான் ஓலைக் கிடுகு கொண்டு வந்து சில்லுக்குக் கீழே போட்டான். அதற்குப் பிறகு முன்னால் போனான். "அத்தான், பொறுங்கோ. முன் சில்லிலை மண் குவிஞ்சு கிடக்கு, தள்ளிப்போட்டு வாறன்" என்றான். அவனுக்குப் பின்னால் வள்ளம். நான் முதலாம் கியரைப் போட்டுவிட்டுக் கிளச்சை மிதித்தபடி நின்றேன். எஞ்சின் நின்றுவிடாமல் மற்றக் காலால் எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தேன். கியரைப் போடாமல் நின்றிருக்கலாம். அதை எனக்கு நானே சொல்லாத நாள் இல்லை. ஆனால் கிளச் மிதித்திருந்தால் வண்டி போகாது, அற்புதம். எந்தச் சாரதியும் அதை நம்பித்தான் காலை வைக்கிறான்.

வண்டி தானாக இழுத்தது. நான் இன்னும் இறுக்கி மிதித்தேன். பெடலுக்குக் கீழே போக இடமில்லை, என் சப்பாத்து அடித்தகட்டில் முட்டிக்கொண்டிருந்தது. மிதிக்க மிதிக்க வண்டி போனது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அதை மட்டும் எழுத மாட்டேன்.

அடித்தது உண்மை. பிறகு அவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. சொல்ல ஐந்து நாள் இருந்தது. கள்ளும் ஒரு ஓலைப் பிளா குடித்தேன். இவை இரண்டையும் நான் ஒருவருக்கும் மறைக்கவில்லை.

அந்தக் கிளச் கம்பியால் இழுபடுகிற கிளச் அல்ல, எண்ணெயால் வேலை செய்வது. பெடலை மிதித்தால் மேலே இருக்கிற சின்னச் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் குழாய் வழியே போய்க் கீழே கியர்ப் பெட்டிப் பக்கத்தில் இருக்கிற சிலிண்டரைத் தள்ளும். அதுதான் கிளச்சைத் திறப்பது. மாசி மாதம் தொடங்கி அந்தப் பெடல் ஒருநாளைப் போல ஒருநாள் இருக்கவில்லை. காலையில் கல்லுப் போல நிற்கும். வெயில் ஏறினால் சிலவேளை பஞ்சு போல இறங்கிவிடும். அடித்து அடித்து மிதித்தால் திரும்ப வரும். பிறகு பல நாளைக்கு ஒன்றும் இராது. முதலாளிக்குச் சொன்னேன். "சாமான் கப்பலிலை வாறேல்லை. இருக்கிறதை வைச்சு ஓடு" என்றார்.

எனக்காக ஒன்று செய். பிக்கப் கரைக்கு வரும்போது, பெடலுக்கு நேரே எஞ்சின் பக்கத்தில் இருக்கிற சின்னத் தகரப் பேணியின் மூடியைத் திறந்து எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார். பிறகு கீழ்ச் சிலிண்டரைத் தடவிப் பார். எண்ணெய் ஒழுகினால் தூசி ஈரமாக இருக்கும்.

உன்னைத் தவிர இதைக் கேட்க எனக்கு ஒருவரும் இல்லை.

மரியநேசன்.


முள்ளிவாய்க்கால்,
28 மே 1963.

உங்களுக்கு,

பிக்கப் ஐஸ் கொண்டு வந்து நின்ற நேரம் பாலனிடம் போனேன். நான் யார் என்று அவனுக்குத் தெரியும். "அக்கா, முதலாளி அறிஞ்சா என்னை நிப்பாட்டிப் போடுவார்" என்றான். "மூடியைத் திறந்து காட்டு. வேறை ஒண்டும் கேக்கேல்லை" என்றேன். திறந்தான். எண்ணெய் வாய்மட்டும் இருந்தது. கறுப்பு எண்ணெய்.

பிறகு கீழே படுத்தேன். அந்த வண்டிக்குக் கீழே நான் படுத்தேன் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முன் பம்பரில் ஒரு நெளிவு இருக்கிறது, அதை ஒருவரும் நேராக்கவில்லை. அதற்குக் கீழால்தான் தலையை நுழைத்தேன். மணல் முதுகைச் சுட்டது. நீங்கள் எழுதிய சிலிண்டரைத் தேடி விரலால் தடவினேன். தூசி காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. ஈரம் என்று ஒரு பொட்டும் இல்லை.

எழும்பி வந்து பாலனைக் கேட்டேன். "எனக்கு நல்லாத்தான் பிடிக்குது அக்கா. பொய் சொல்ல எனக்கென்ன?" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவன் போல இல்லை.

கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மண்ணைத் தட்டும்போது ஒருத்தி கேட்டாள்: "என்னடி அற்புதம், கீழை புருசனைத் தேடுறியோ, தம்பியைத் தேடுறியோ?" எனக்கே தெரியாததை அவளுக்கு என்ன சொல்ல?

அற்புதம்.


மறியற்சாலை, யாழ்ப்பாணம்,
7 யூன் 1963.

அற்புதம்,

உன் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். வண்டிக்குக் கீழே படுத்தாய் என்று எழுதியதை ஒரு தரத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை.

எண்ணெய் கறுப்பு என்று எழுதியிருக்கிறாய். அதைப் பாலன் கவனித்தானோ? அந்தப் பேணிக்குள் ஊற்றுகிற எண்ணெய் தேன் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். கறுத்தால், ஒன்றில் யாரோ எஞ்சின் எண்ணெயை ஊற்றியிருக்க வேண்டும், அல்லது உள்ளே இருக்கிற றப்பர் கரைய வேண்டும். முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடக்கும்.

புளியங்குளத்தில் கனகலிங்கத்தாரின் கராஜ் இருக்கிறது. முதலாளியின் வண்டி அங்கேதான் வேலைக்குப் போகும். அவர் நல்ல மனிதர். அவரிடம் போய்ச் சொல். குழாய்க்குள் காற்று நின்றால் பெடல் பஞ்சு போல இறங்கும், அதை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் கீழே இருந்து றப்பர்க் குழாய் வீங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டும் இல்லையென்றால் மேல் சிலிண்டரைத் திறக்கத்தான் வேண்டும். குறை அதற்குள்தான் இருக்கிறது. வெளியே ஒழுகாமல் உள்ளுக்குள்ளேயே எண்ணெய் நழுவுகிறது. ஒழுகினால் எல்லாருக்கும் தெரியும். இது ஒருவருக்கும் தெரியாது.

என் வழக்கைப் பேசுகிற பிறக்கிராசியார் வந்து போனார். பெரிய குற்றமாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றார். வேண்டுமென்று கொன்றது என்று. அதற்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தச் சிலிண்டரைத் திறக்கச் சொல், அற்புதம்.

மரியநேசன்.


முள்ளிவாய்க்கால்,
26 யூன் 1963.

புளியங்குளத்துக்குப் போனேன். அப்புவுக்குச் சொல்லாமல் பஸ் ஏறி நெடுங்கேணிக் காட்டால் ஆடி ஆடிப் போனேன். நீங்கள் எழுதியதெல்லாம் செய்தாயிற்று. இனி நான் எழுதுவதை நீங்கள் வாசியுங்கள்.

கனகலிங்கத்தார் முதலில் மறுத்தார். பிறகு மனம் இளகி, பாலன் வண்டியைக் கொண்டு வந்தபோது பார்த்தார். காற்று எடுத்தார். காற்று வரவில்லை, எண்ணெய்தான் வந்தது. பாலனை மிதிக்கச் சொல்லிவிட்டுக் குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தார். வீங்கவில்லை. தானே ஏறி ஸ்டேசன்மட்டும் ஓட்டிப் போய் வந்தார். "வலு திறமாய் இருக்கு" என்றார். மேல் சிலிண்டரைத் திறக்கச் சொன்னேன். "திறக்கிறது பெரிய வேலையில்லைத் தங்கச்சி. திறந்தா உள்ளுக்குப் புது றப்பர் போடவேணும். இப்ப இலங்கை முழுக்கத் தேடினாலும் அது கிடையாது. நான் திறந்து வண்டி நிண்டால் முதலாளி என்னை விடுவாரே?" என்றார்.

அந்த நேரம்தான் ஐயாத்துரை முதலாளி வந்தார். "கிளச் பிழையெண்டு என்ரை மனிசன் மாசியிலேயே உங்களுக்குச் சொன்னாரே" என்று கேட்டேன். கராஜில் நின்ற எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "உன்ரை புருசன் ஒருநாளும் எனக்கு ஒரு குறையும் சொல்லேல்லை. வெறியிலை செய்த வேலைக்கு என்ரை வண்டியிலை பழியைப் போடாதை."

நான் யாரை நம்ப? எண்ணெய் இருக்கிறது. ஒழுக்கு இல்லை. காற்று இல்லை. குழாய் நல்லது. பரிசோதித்த ஐயாவுக்கு நல்லது, பாலனுக்கு நல்லது, கனகலிங்கத்தாருக்கு நல்லது. உங்கள் காலுக்கு மட்டும், அதுவும் தம்பி முன்னால் நின்ற அந்த நேரத்தில் மட்டும், அது பிழைத்தது. இதை என்னிடம் நம்பச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு புது இடத்தைத் தேடச் சொல்கிறீர்கள். இனி எங்கே தேட?

அப்பு அறிந்துவிட்டார். "கொலைகாரனுக்குச் சாட்சி தேடித் திரியிறாய்" என்று மட்டும் சொன்னார். அன்று தொடக்கம் நான் சமைத்ததை அவர் தொடுவதில்லை. கடையில் பாண் வாங்கிக்கொண்டு போய்க் கடற்கரையில் இருந்து தின்கிறார். பெற்ற தகப்பன் வெறும் பாணைத் தின்ன நான் குசினியில் சோற்றுப் பானைக்கு முன்னால் இருக்கிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.


மறியற்சாலை, யாழ்ப்பாணம்,
11 யூலை 1963.

அற்புதம்,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றுதான். பதில் எழுதத் தேவையில்லை.

நீ சொல்வது சரியாக இருக்கலாம். கொஞ்ச நாளாக அப்படித்தான் நினைக்கிறேன். இங்கே சுவரோடு முதுகை வைத்து இருந்துகொண்டு இடது காலை முன்சுவரில் வைத்து அழுத்திப் பார்க்கிறேன். அப்படித்தான் மிதித்தேன் என்று காலுக்குத் தெரிகிறது. ஆனால் எவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டு இருந்தாலும், கடைசியில் கால் மரத்துப் போகிறது. மரத்த பிறகு அது அழுத்துகிறதா, சும்மா இருக்கிறதா என்று எனக்குத் தெரிவதில்லை. அன்றைக்கும் அப்படித்தானோ? மணலில் அவ்வளவு நேரம் மிதித்து மிதித்துக் கால் சோர்ந்திருந்தது. சப்பாத்தில் மீன் தண்ணீர். ஒரு பிளாக் கள்ளும் உள்ளே. வழுக்கியிருக்கலாம். வழுக்கிய பிறகு பயத்தில் மிதித்ததைத்தான் நான் முதலில் மிதித்ததாக நினைக்கிறேனோ?

முதலில் ஒருவரும் நம்பாதபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது கோபம் இல்லை. இத்தனை பேர் மிதித்துப் பார்த்த பெடல் அது. நான் ஒருவன்தான் வேறு கதை சொல்கிறேன்.

பிறக்கிராசியார் சொல்கிறார், கால் வழுக்கியது என்று ஒப்புக்கொண்டால் பெரிய குற்றத்தை விட்டு, கவனக்குறைவு என்று மாற்றுவார்களாம். வழக்கு ஆவணியில் என்று கேள்வி. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்க என்ன இருக்கிறது?

மாமாவைச் சாப்பிடச் சொல். எனக்காகச் சாட்சி தேடுவதை விட்டுவிட்டேன் என்று நீ சொன்னால் சாப்பிடுவார்.

மரியநேசன்.


முள்ளிவாய்க்கால்,
29 யூலை 1963.

அத்தான்,

ஒன்றையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தக் கடிதம் வந்ததும் பிறக்கிராசியாரைக் கூப்பிடுங்கள். உங்கள் கால் வழுக்கவில்லை. எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியும்.

போன கிழமை பாலன் முகமெல்லாம் வெளிறிக் கரைக்கு வந்தான். புளியங்குளத்தில் ரயில் கடவையை மூடியிருந்தார்களாம். எப்போதும் கியரை எடுத்துவிட்டு நிற்கிறவன், அன்றைக்கு ரயில் வந்துவிட்டது, இப்போதே திறப்பார்கள் என்று முதலாம் கியரில் கிளச்சை மிதித்தபடி நின்றிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் வண்டி தானாக நகர்ந்து கடவைத் தடியில் போய் முட்டியிருக்கிறது. "அக்கா, நான் காலை எடுக்கேல்லை. அந்தோனியார் மேலை சத்தியமாய் எடுக்கேல்லை" என்றான். அவன் சைவக்காரன், அத்தான். எனக்காக அந்தோனியார் பெயரைச் சொன்னான்.

"என்னை ஏத்து" என்றேன். வண்டி நாற்பது கட்டைத் தூரம் ஓடி வந்து மணலிலும் உழன்று கொதித்துப்போய் நின்றது. முன்னால் ஒருவரும் இல்லாத பக்கம் பார்த்துக் கடலுக்கு நேரே விடச் சொன்னேன். உங்கள் இடத்தில் இருந்தேன். பாலன் பக்கத்தில் இருந்து கியரைப் போட்டான். நான் கிளச்சை அடிமட்டும் மிதித்தேன். வண்டி அசையவில்லை. நல்ல கிளச். யார் மிதித்துப் பார்த்தாலும் நல்லது என்றுதான் சொல்வார்கள். பாலன் எடுக்கச் சொன்னான், நான் எடுக்கவில்லை. மிதித்துக்கொண்டே மாதாவை நினைத்துப் பிரியதத்த மந்திரம் சொல்லத் தொடங்கினேன். ஒன்று சொன்னேன், இரண்டு சொன்னேன். மூன்றாவதில், எங்கள் மரண நேரத்திலும் என்கிற இடத்தில், வண்டி நடுங்கியது. பிறகு போனது. என் கால் தகட்டில் முட்டியபடி இருக்கிறது, அத்தான். நான் மிதிக்கிறேன். வண்டி போகிறது. பாலன் சாவியைத் திருப்பி நிற்பாட்டும்வரை போனது.

மிதித்து உடனே விட்டால் ஒன்றும் தெரியாது. மிதித்தபடி காத்திருந்தால்தான் தெரியும். அந்தக் காட்டுப் பாதையில் யார் கிளச்சை மிதித்துக்கொண்டு காத்திருக்கப் போகிறார்கள்? நீங்கள் தம்பிக்காகக் காத்திருந்தீர்கள்.

பாலன் இனி ஓட மாட்டேன் என்று நின்றுவிட்டான். அதற்குப் பிறகுதான் முதலாளி எங்கேயோ ஓடி ஒரு றப்பர் எடுத்துக்கொண்டு வந்தார். இன்றைக்குக் கனகலிங்கத்தார் மேல் சிலிண்டரைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே இருந்த றப்பர் ஊதி, வாய் மெத்தென்று போய், விரலில் மை போல ஒட்டியது. "எஞ்சின் எண்ணெய் ஊத்தியிருக்கினம். சூடேற இது இளகிப் போகும். எண்ணெய் இதைத் தாண்டி நழுவிப் போகும். உன்ரை மனிசன் சொன்னது சரி தங்கச்சி" என்றார். அந்தப் பழைய றப்பரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்பு வந்ததும் சொல்லப் போகிறேன். காலையில் பொலிஸ்காரர் வந்து வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏதோ கையெழுத்துக்கு என்றார்கள். இன்னும் வரவில்லை.

நான் எழுதியதையெல்லாம் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

உங்கள் அற்புதம்.


மறியற்சாலை, யாழ்ப்பாணம்,
12 ஓகஸ்ட் 1963.

என் அற்புதம்,

உன் கடிதம் கையில் கிடைத்தபோது எனக்கு உடுப்பு மாறிவிட்டது. இப்போது தீர்ப்பான மறியற்காரனின் உடுப்பு. இனி இடைக்கிடைதான் எழுத விடுவார்கள்.

நீ கராஜில் நின்ற அந்தத் திங்கட்கிழமைதான் என்னை வவுனியாக் கோட்டுக்குக் கொண்டு போனார்கள். நான் ஒப்புக்கொள்ளச் சம்மதித்தபடியால் பிறக்கிராசியார் வழக்கு நாளை முன்னுக்கு எடுத்துவிட்டார். உனக்கு அறிவிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீ வந்து அங்கே நிற்பதை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தேன்.

மாமா வந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டார்கள். "கால் வழுக்கியது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் மாமா ஓவென்று அழுதார். அங்கே அப்படி அழ விடுவதில்லை, ஆனாலும் ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. என்னை வெளியே கொண்டு வரும்போது வாசலில் குறுக்கே வந்து என் கையைப் பிடித்தார். "வழுக்கினதெண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமேடா. நான் உன்னை என்னவெல்லாம் நினைச்சுப் போட்டன்" என்றார். அவர் கையை நான் விடவில்லை. அவர்கள்தான் பிரித்தார்கள்.

மூன்று வருடம்.

உன் கடிதத்தை வாங்கி முதலில் சும்மா வைத்திருந்தேன். பிறகு வாசித்தேன். மூன்றாவது மந்திரத்தில் வண்டி நடுங்கியது என்று எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். அதைத்தான் நான் மறக்கப் பழகியிருந்தேன். நீ என்னை நம்பி வந்து சேர்ந்த நேரம் நான் அங்கே இல்லை, அற்புதம். நான் போய் அவர்கள் பக்கம் நின்றுவிட்டேன். எத்தனையோ பேர் என்னைப் பொய்யன் என்றார்கள். கடைசியில் கூண்டில் ஏறி நின்று பொய் சொன்னது அன்றைக்கு மட்டும்தான். அதை மட்டும்தான் எல்லாரும் நம்பினார்கள்.

பிறக்கிராசியாருக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். தானே ஒப்புக்கொண்டவனுக்கு இனி மேல் கோட்டுக்குப் போக வழியில்லை என்றார்.

மாமாவிடம் சொல் என்றும் எழுத முடியவில்லை. சொல்லாதே என்றும் எழுத முடியவில்லை. அவர் சாப்பிடுகிறாரா?

மரியநேசன்.


முள்ளிவாய்க்கால்,
1 செப்ரெம்பர் 1963.

அத்தான்,

அப்பு சாப்பிடுகிறார். கோட்டால் வந்த அன்றே குசினிக்குள் வந்து, "சோறு போடு பிள்ளை" என்றார். நான் போட்டேன். அவர் முதல் வாய் வைக்கும்போது சொல்லத் தொடங்கினேன். பிறகு, சாப்பிட்டு முடியட்டும் என்று இருந்தேன். முடிந்ததும் நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். உங்கள் கடிதம் வரும்வரை அப்படியே இருந்துவிட்டேன்.

வவுனியாவுக்குப் போய்ப் பிறக்கிராசியாரைக் கண்டேன். றப்பரைக் காட்டினேன். மேசையில் ஒரு கடதாசியை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். "இது எந்த வண்டியின்ரை எண்டு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார். கனகலிங்கத்தாரிடம் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "எனக்கும் பிள்ளையள் இருக்கு தங்கச்சி. ஒப்புக்கொண்ட ஆளுக்காக நான் போய் என்னத்தைச் சொல்ல?" என்றார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கடைசியில் அப்புவிடம் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் மிதித்ததை, வண்டி போனதை, றப்பரை. கேட்டுக்கொண்டே இருந்தார். ஊசி நிற்கவில்லை. பிறகு கேட்டார்: "அவனே தன்ரை வாயாலை சொன்னானே. அதையும் நான் என்ரை காதாலை கேட்டனானே." நீங்கள் பயத்தில் சொன்னீர்கள், அப்படிச் சொல்லும்படி பிறக்கிராசியார் சொன்னார் என்றேன். அப்பு ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்டைக்குத்தான் பிள்ளை நான் அவனை மன்னிச்சனான். இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள்ளை கிடந்ததை எடுத்து அங்கை வைச்சிட்டு வந்தனான். அவன் ஒண்டும் செய்யேல்லையெண்டா நான் ஆரை மன்னிச்சது? என்ரை பிள்ளை ஆராலை செத்தவன்? ஒரு றப்பர்த் துண்டாலையோ?"

இதற்கு உங்களுக்குப் பதில் வருகிறதா?

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஊரிலும் இப்போது ஒருவரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. கீழே புருசனைத் தேடுகிறாயா என்று என்னைக் கேட்டவள் நேற்றுச் செபக் கூட்டத்தில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து இருந்தாள். "பாவம், கால் வழுக்கினது ஆருக்கும் வாறதுதானே" என்றாள். எல்லாருக்கும் உங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது. நான் வாய் திறந்தால் அந்த இரக்கம் போய்விடும் என்று தெரிகிறது.

பிக்கப் வருகிறது. முன்னைவிட நேரத்துக்கு வருகிறது. பெடல் இப்போது ஒருநாளும் பிழைப்பதில்லை என்று திரும்ப வேலைக்கு வந்த பாலன் சொல்கிறான். நான் மீன் பறியைத் தூக்கி ஏற்றுகிறேன். வேறு வேலை இல்லை.

அப்பு உங்களைப் பார்க்க வருவதாகச் சொல்கிறார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் வெளிக்கிடுகிறோம். உங்களுக்கென்று பாரைக் கருவாடு தேடி எடுத்து வைத்திருக்கிறார். கோட்டு வாசலில் ஆட்கள் நின்றபடியால் சரியாகச் சொல்ல முடியவில்லையாம், உங்களை மன்னித்துவிட்டதாக ஒருக்கா வடிவாகச் சொல்ல வேண்டுமாம். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வருவார்.

அவர் சொல்லும்போது நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் அவருக்குப் பின்னால் நிற்பேன். என்னைப் பார்க்காதீர்கள். நீங்கள் பார்த்தால் நான் கத்திவிடுவேன்.

அற்புதம்.